இரவல் பெயர் வேண்டா
(வத்திராயிருப்பில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவருள் ஓர் இளைஞர் இவ்வூரிற் பால்கோவாக் கிண்டி விற்கத் தொடங்கியுள்ளார். பெட்டியின்மேல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அச்சிடலாமாவென நம்மை வினவினார். வேண்டாமென்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டின்கீழ்ப் பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளர்க்கே அவ்வுரிமை உண்டு. இரவல் நகை ஒருநாள் விசேஷத்திற்கு உதவும், வீட்டுச் சொத்தாகாது.

பாலுஞ் சர்க்கரையுமன்றி வேறொன்றுங் கலவாமையும், விடாது கிளறும் பதமுமே அவரது மூலதனம். ஆகவே, வத்திராயிருப்பென்று ஊரை உள்ளபடியே எழுதித் தமக்கென ஒரு பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்க. உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, தயாரித்த தேதி, உபயோகிக்கத்தக்க கடைசித் தேதி ஆகியவற்றை ஒளியாது காட்டுக.

நமக்கும் கடமையுண்டு. கல்யாணத்திற்கு வாங்குங்கால் கடன் சொல்லாது ரொக்கங் கொடுப்போமாக. நம்மவர் என்பதற்காகக் கலப்படத்தைப் பொறுத்தலும் வேண்டா.