வீட்டைத் தேடி வந்த ஆராய்ச்சி

பட்டிமன்றத் தலைப்பு: ஆராய்ச்சிகள் பெரிதும் பயன்படுவது ஏட்டுக்கே! வீட்டுக்கே!
('வீட்டுக்கே' அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, 'ஏட்டுக்கே' என்று அடித்துப் பேச வந்திருக்கிற எதிரணி நண்பர்களே, என் அணித் தலைவர் அவர்களே, பொங்கல் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, அவங்க சொன்னதால பின்னாலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஐயாமார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப நல்லாப் பேசினார். பல்கலைக்கழக நூலகத்துல ஆய்வேடுகள் அடுக்கடுக்கா இருக்காம். அதைப் படிச்சது மொத்தம் மூணே பேராம். எழுதினவர் ஒருத்தர், திருத்தின பேராசிரியர் ஒருத்தர், மூணாவது கரையானாம்! நீங்களும் கைதட்டுனீங்க. நானும் சிரிச்சேன். ஆனா தம்பி, ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. என் ஒரே மகள் இப்போ ஆராய்ச்சி மாணவி. அவ ஆராய்ச்சி பண்றதே கரையானைப் பத்தித்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: ஏம்மா, அப்ப ஆய்வேட்டையும் கரையானையும் ஒரே வீட்டுல வச்சிருக்கீங்களா?

ஆமாங்கய்யா, வாடகை இல்லாம! (சிரிப்பு)

விளையாட்டா சொன்னாலும், ஐயா, இந்தத் தலைப்பு எனக்கு விளையாட்டு இல்லை. அவ ஆராய்ச்சிக்குச் சேரப்போறேன்னு சொன்ன அன்னிக்கு, எங்க வீட்டுல எதிரணித் தலைவியே நான்தான். "கரையானை ஆராய்ச்சி பண்ணி யாருக்குடி லாபம்? வயசு ஏறுதே, ஒரு நல்ல இடம் வந்திருக்கே" என்று கேட்டேன். அவ கோபப்படல. "யாருக்கு லாபம்னு இப்ப எனக்குத் தெரியாதும்மா. உனக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சா கிடைச்சுது?" என்று மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டா. எனக்கு என்ன கிடைச்சுதுன்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். யோசிச்சதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கேன். எல்லாரும் எங்க வீட்டுக்குள்ள வாங்க. ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன்.

முதல்ல அடுப்படி. காபிக்கு ஒரு கரண்டி சர்க்கரை போடுறோம். இந்தச் சர்க்கரை எங்கேயிருந்து வந்தது? ஆலையிலிருந்து. ஆலைக்கு? எங்க பிறந்த வீடு மாதிரி கரும்புக் காட்டிலிருந்து. அந்தக் கரும்பு? அங்கேதான் கதை இருக்கிறது. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஏன் கோயம்புத்தூர்? அந்தச் சீதோஷ்ணத்தில்தான் கரும்பு பூக்கும், விதை பிடிக்கும். பூ இருந்தால்தானே ஒட்டுச் சேர்க்க முடியும்? அன்றைக்கு வடநாட்டுக் கரும்பு குச்சி மாதிரி இருக்கும், சாறு குறைவு. நம்ம தென்னாட்டுத் தடிக்கரும்பு அங்கே போனால் குளிர் தாங்காது. பார்பர் என்ற வெள்ளைக்காரரும் டி.எஸ். வெங்கட்ராமன் என்ற நம்ம ஊர்க்காரரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தித்திக்கிற தடிக்கரும்பையும், ஆற்றோரத்தில் காடாக மண்டிக் கிடக்கிற நாணலையும் ஒட்டுச் சேர்த்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. நாணலைப் போய் யாராவது மாப்பிள்ளை பார்ப்பாங்களா? (சிரிப்பு) பார்த்தார்கள். பிறந்தது 'கோ 205' என்ற கரும்பு. 1918-ல் பஞ்சாப் வயலுக்குப் போனது. குளிரைத் தாங்கும் குணம் நாணலிடமிருந்து வந்தது, இனிப்பு கரும்பிடமிருந்து வந்தது. பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று கதை சொல்வோம். அந்தக் கரும்பு வேற, இந்த நாணல் வேற, நான் ரெண்டையும் ஒண்ணாக்கல. ஆனா காட்டில் கிடந்ததை வீட்டுக்கு இனிப்பாக்கின அற்புதம் கோயம்புத்தூரிலும் நடந்தது என்கிறேன். இன்றைக்கு ஆலைக்குப் போகிற கரும்பில் காட்டுக் கரும்பின் ரத்தம் ஓடுகிறது.

இதே நிலையத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் என்று ஒரு அம்மையார் வேலை பார்த்தார். தலைச்சேரியில் பிறந்தவர். 1931-லேயே அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். திருமணமே செய்துகொள்ளாமல் செடிகொடிகளோடு வாழ்ந்தவர். அவர் வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தி நின்று, "புல்லையும் கரும்பையும் ஆராய்ச்சி பண்ணி யாருக்குடி லாபம்" என்று கேட்டிருக்க மாட்டாளா?

அடுத்தது கூடம். கூடத்தில் பாய் விரித்துக் குழந்தை படுத்திருக்கிறது. வயிற்றுப்போக்கு. உங்களில் எத்தனை தாய்மாருக்கு அந்தப் பயம் தெரியும்! கண்ணு உள்ளே போகும், நாக்கு வறளும். உடனே என்ன செய்றோம்? காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டர், அதில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைப் பாட்டி வைத்தியம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லைங்க. குடலுக்குள் சர்க்கரை போனால் அது உப்பையும் கைபிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது என்று 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்னார். அவர் கேட்டதெல்லாம் குடல் எப்படிச் சர்க்கரையை உறிஞ்சுகிறது என்ற கேள்விதான். சுத்தமான ஏட்டுக் கேள்வி!

1971-ல் வங்கதேசப் போர். எல்லையில் பொங்காவ் என்ற ஊரில் அகதிகள் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோனது. திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் நிரப்பிவைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். 100 பேரில் 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே வந்துவிட்டது. ஏட்டுக் கேள்வி தாயின் கைக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு? பதினோரே வருஷம்! (கைதட்டல்)

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் எங்க பெரியம்மா போட்டோ மாட்டியிருக்கு. 1962-ல் சென்னை ராயபுரத்தில் ஒரே அறைக் குடித்தனம். இரண்டு குழந்தைகள். பெரியம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அந்தக் காலத்துல டி.பி. என்றாலே குடும்பம் உடைஞ்சது என்று அர்த்தம். சானடோரியத்துக்கு அனுப்பணும், வருஷக்கணக்காகும், பிள்ளைகளை யார் பார்ப்பது? பெரியப்பாவின் அம்மா, "அவளை அனுப்பிடுப்பா, பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்று அழுதாங்களாம். ஆனால் மருத்துவர் சொன்னார்: "எங்கேயும் அனுப்ப வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும், மாத்திரையை மட்டும் ஒரு நாள் விடாமல் சாப்பிடட்டும்."

அந்த மருத்துவருக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது? 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு. இன்னொரு பிரிவு நெருக்கடியான சொந்த வீட்டில், அதே கஞ்சி, அதே புழுக்கம். மருந்து மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய ஆராய்ச்சி, ஐயா, நம்ம சென்னைக் குடிசைவாசிகளை வைத்து நடந்தது. எதிரணி நண்பர்களே, ஆராய்ச்சி வீட்டுக்கு வந்ததா என்று கேட்டீர்கள். இந்த ஆராய்ச்சியின் தலைப்பிலேயே வீடு இருக்கிறது! (பலத்த கைதட்டல்) பெரியம்மா 84 வயசு வரைக்கும் இருந்தாங்க. எனக்குத் தலை பின்னிவிட்டது அந்தக் கைதான்.

இப்ப பீரோவைத் திறக்கிறேன். பயப்படாதீங்க, நகை ஒண்ணும் பெரிசா இல்லை. (சிரிப்பு) ஒரு பத்திரம் இருக்கு. அந்தக் கதையைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும்.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1956-ல் வந்த வாரிசுச் சட்டம் அப்பாவின் தனிச்சொத்தில் பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை. மகளுக்கு அப்பா பங்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்று சட்டம் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. எனக்குக் கல்யாணம் 1988 ஆவணியில். என் தங்கைக்கு 1991-ல். ஒரே அப்பா, ஒரே வயிறு. அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை! ஏழு மாசம் முந்திக் கழுத்தை நீட்டினது என் தப்பா, ஐயா?

அப்பா 1998-ல் தவறிப்போனார். சொத்து பிரிக்காமலே கிடந்தது. இதற்கிடையில் ஏட்டில் என்ன நடந்தது? பீனா அகர்வால் என்ற பொருளாதார அறிஞர், பெண்களும் நிலமும் பற்றி 1994-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். சட்ட ஆணையம் 2000-த்தில் தன் 174-ஆவது அறிக்கையில் தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா என்று மாநிலம் மாநிலமாகச் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தது, மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டது. 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. அந்தக் கல்யாணத் தேதி நிபந்தனை போனது. அப்படியும் சிக்கல். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் ஒரு தீர்ப்பு. எனக்குக் கதவு திரும்பவும் சாத்தியது. அப்படி இல்லை, மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சண்டை போட நான் போகல. எங்க அண்ணனே பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "படிச்சேன் புள்ள. அப்பா இருந்தா அவரே செஞ்சிருப்பாரு. வா, பதிஞ்சிடலாம்" என்றார். அரைக் காணி அளவு கரும்புக் காடுதான். ஆனா அன்னிக்குத்தான், ஐயா, பிறந்த வீட்டுக்குள்ள விருந்தாளியா இல்லாம மகளா நுழைஞ்சேன். (கைதட்டல்)

நிலம் இருந்தால் என்ன பெரிசா மாறிடும் என்று கேட்பார்கள். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. தன் பேரில் நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 100-க்கு 49 பேர் கணவனிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். இரண்டும் உள்ளவர்களில் 7 பேர். ஐயாமார்களே, கணக்கை நல்லாக் கேட்டுக்கோங்க. (சிரிப்பு) பூட்டின கதவுக்குப் பின்னாடி நடக்கிறதை ஏட்டில் எழுதினால்தானே வீட்டுக்கு விடிவு வரும்?

கடைசியாகப் புத்தக அலமாரி. கும்பகோணத்தில் 1880-ல் உ.வே. சாமிநாதையர் ஒரு முன்சீப்பைப் பார்க்கப் போனார். சேலம் இராமசாமி முதலியார். படித்த நூல்களையெல்லாம் ஐயர் அடுக்கினார். முன்சீப் அசரவில்லை. "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்றார். நீதிபதி கேட்ட ஒரு கேள்வி, தமிழாசிரியர் வாழ்க்கையையே திருப்பியது. சைவ நூல்களில் ஊறியவர், அர்த்தம் தெரிந்துகொள்ள ஜைனர்கள் வீட்டுத் திண்ணையில் போய் மாணவனாக உட்கார்ந்தார். 1887-ல் சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று அச்சாகி வந்தன. அந்த ஓலைகளை அன்றைக்குத் தின்றுகொண்டிருந்தது யார்? தம்பி சொன்ன அதே கரையான்! (சிரிப்பு) இன்றைக்கு உங்க வீட்டில் இளங்கோ இருக்கான், கபிலன் இருக்கான், செங்குட்டுவன் இருக்கான், மணிமேகலை இருக்கா. பேர் வெச்சது தாத்தா பாட்டி. அந்தப் பேரைக் கரையான் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது ஒரு ஆராய்ச்சி.

நடுவர் ஐயா, தூசி படிகிற ஆய்வேடுகள் நிறைய உண்டு. நான் மறுக்கல. பட்டத்துக்காக எழுதினதும் உண்டு, படியெடுத்ததும் உண்டு. ஆனால் விதைக்கிற நெல் அத்தனையுமா முளைக்குது? முளைக்காததைக் காட்டி விதைப்பையே நிறுத்தச் சொல்வீர்களா? எது முளைக்கும் என்று விதைக்கும்போது தெரியாது. நாணலை எடுத்தவருக்குப் பஞ்சாப் வயல் முழுசாத் தெரிந்திருக்காது. குடலைப் பார்த்தவருக்கு அகதி முகாம் தெரியாது. அதனால்தான் ஒரு துறை மட்டும் போதாது, அறிவியல், விவசாயம், மொழி, சட்டம் எல்லாத்திலயும் யாராவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கணும்.

வந்திருக்கிற தாய்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க சொந்தத்தில் ஒரு பிள்ளை ஆராய்ச்சி பண்ணுதுன்னா, "எப்ப முடிப்பே, எப்ப கல்யாணம்" என்று கேட்காதீங்க. "என்னம்மா கண்டுபிடிச்சே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. நான் போன மாசம்தான் முதல் தடவையா அப்படிக் கேட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கரையான் புற்றுக்குள்ள காற்று எப்படிப் போய் வருது என்று பேப்பர்ல படம் போட்டுக் காட்டினா. எனக்குப் பாதி புரிஞ்சது. ஆனா அவ கண்ணுல இருந்த வெளிச்சம் முழுசாப் புரிஞ்சது.

எனவே, என் வீட்டு அடுப்படியும், கூடமும், பெரியம்மா படமும், பீரோவும், அலமாரியும் சாட்சியாக, ஆராய்ச்சிகள் பெரிதும் பயன்படுவது வீட்டுக்கே, வீட்டுக்கே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, விடைபெறுகிறேன். (கைதட்டல்)