தலைப்பு பெரிசு, திருத்தம் சின்னது

(பட்டிமன்றத் தலைப்பு: மருத்துவச் செய்திகளால் மக்கள் பெரிதும் பெறுவது தெளிவா? அச்சமா? ‘அச்சமே’ என்ற அணியில் ஆற்றிய உரை. இடம்: கருவடிக்குப்பம், புதுச்சேரி)

நடுவர் அவர்களே! ‘தெளிவே’ என்று வாதாடிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே!

கருவடிக்குப்பத்தில் பட்டிமன்றம் என்று சொன்னதும் எங்க மாமியார் பதறிட்டாங்க. “அங்கே எதுக்கும்மா நீ போற?” அப்படின்னாங்க. (சிரிப்பு) புதுச்சேரிக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டாம். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சுடுகாடு. நான் சொன்னேன், “அத்தே, அங்கேதான் சித்தானந்த சுவாமி கோயில் இருக்கு. பாரதியார் போய் உட்கார்ந்த குயில் தோப்பும் அங்கேதான் இருக்கு.” உடனே அவங்க முகம் மாறிப்போச்சு. “அப்படியா, விபூதி வாங்கிட்டு வா” என்றார்கள். ஊர் ஒண்ணுதான் நடுவர் அவர்களே. எதை முதலில் சொல்கிறோமோ அதுதான் மனசில் நிக்குது. மருத்துவச் செய்தியும் அப்படித்தான்.

பாரதியைக் கவிஞர் என்றே பேசுகிறோம். அவர் பத்திரிகைக்காரரும்கூட. 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகை சென்னையிலிருந்து இங்கே வந்து, 1910 வரை இந்த ஊரில் அச்சானது. வெள்ளைக்காரன் அதைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தான். அன்றைக்குப் பத்திரிகையைப் பார்த்து அரசாங்கம் பயந்தது. இன்றைக்கு மருத்துவப் பக்கத்தைப் பார்த்து வாசகர் பயப்படுகிறார். என்ன முன்னேற்றம் பாருங்க! (கைதட்டல்)

எங்க வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை இணைப்பை விடவே மாட்டார். ஒரு வாரம், “காபி இதயத்துக்கு நல்லதாம், இன்னொரு டம்ளர் கொடு.” அடுத்த வாரம், “காபி கெடுதலாம், சுக்குத் தண்ணி கொடு.” மூணாவது வாரம் நான் பேப்பரை ஒளித்து வைத்துவிட்டேன். “இன்னைக்கு என்ன குடிக்கணும்னு தெரியாமப் போச்சே” என்று தவித்தார் மனிதர். (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்க. ‘ஆபத்து இரண்டு மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எதிலிருந்து இரண்டு மடங்கு? பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வந்தாலும் இரண்டு மடங்குதான்; நூறு பேரில் இருபது நாற்பதானாலும் இரண்டு மடங்குதான். முன்னதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பின்னதைப் படித்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். எது என்று சொல்லாமல் விட்டால் எல்லோரும்தான் ஓடுவார்கள்.

எதிரணிப் பேராசிரியர் போலியோவைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். 1995-இல் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது, 2011 ஜனவரிக்குப் பிறகு இங்கே யாருக்கும் அந்தக் காட்டு வைரஸால் போலியோ வரவில்லை, 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஐயா, தொலைக்காட்சியில் வந்தது விளம்பரம். செய்தி இல்லை. வெயிலில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். கல்யாணத்தை நடத்தி வைத்தவர் ஒருத்தர், மொய் எழுதிக்கொள்கிறவர் இன்னொருத்தரா?

செய்தி என்ன செய்யும் என்பதற்கு நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 2008 ஏப்ரல், திருவள்ளூர் மாவட்டம். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாலு குழந்தைகள் இறந்துபோனார்கள். நாலு தாய்மார்களின் மடி காலியானது. அதைச் செய்தியாகப் போடத்தான் வேண்டும். போடாமல் விட்டால் அது குற்றம். நான் கேட்பது வேறு. அந்த மருந்து குப்பியில் தூளாக வரும். அதற்கென்று கொடுத்த திரவத்தில்தான் கரைக்க வேண்டும். கரைத்தபின் குளிர்ச்சியிலேயே வைத்து, நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். அப்படியானால் ஒரு நிருபர் கேட்க வேண்டிய கேள்வி எது? எதில் கரைத்தீர்கள்? எத்தனை மணிக்குக் கரைத்தீர்கள்? அதே தொகுதி மருந்தை வேறு எங்கே போட்டீர்கள், அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? இதைக் கேட்டால், பழுது மருந்திலா, போட்ட விதத்திலா என்ற வழி திறக்கும். கேட்காமல் ‘தடுப்பூசியால் குழந்தைகள் பலி’ என்று மட்டும் எழுதினால், ஊரிலுள்ள தடுப்பூசி அத்தனையும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும்.

வள்ளுவர் மருந்துக்கென்று தனி அதிகாரமே வைத்தார். வைத்தியன் முதலில் நோய் எது என்று பார்க்கட்டும், பிறகு அது எதிலிருந்து வந்தது என்று தேடட்டும் என்றார். நிருபருக்கும் அதே பாடம்தான். வள்ளுவர் தனியாக எழுதவில்லை, அவ்வளவுதான். (கைதட்டல்)

அப்புறம் என்ன நடந்தது? அதுவரை செவிலியர் கிராமத்துக்கே போய், அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து ஊசி போட்டு வந்தார். அது நின்றது. டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் குழந்தையைத் தூக்கி வர வேண்டும் என்று ஆனது. கேட்க நல்லாத்தான் இருக்கும். களை எடுக்கப் போகிற ஒரு பெண் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாக எத்தனை முறை வருவாள்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 2005-06-இல் நூற்றுக்கு 81. பத்து வருஷம் கழித்து, 2015-16-இல் 70. பத்து வருஷத்தில் ரோடு வந்தது, செல்போன் வந்தது. தடுப்பூசி மட்டும் பின்னால் போனது! 2019-21 கணக்கில்தான் 89-க்கு ஏறியது. அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் காலையில் கூக்குரல், மாலையில் உத்தரவு என்று நடக்கிற ராஜ்ஜியத்தில், விசாரணை முடிகிற வரைக்கும் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பெரிய தலைப்பைப் பார்த்த அதிகாரி முதலில் தன் தலையைக் காப்பாற்றப் பார்ப்பார். மனித இயல்பு.

நம்ம புதுச்சேரிக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் முதலில் தொடங்கிய இடங்களில் நாமும் உண்டு, தமிழ்நாடும் உண்டு. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரை. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி. எங்க தெருவில் பூ கட்டுகிற அம்மா ஓடி வந்தாங்க. “டீச்சரம்மா, ஊசி போட்டா பின்னாடி பொண்ணுக்குக் குழந்தை பிறக்காதாமே, பேப்பர்லேயே வந்திருக்குதாம்.” எந்தப் பேப்பர் என்றேன். “யாரோ சொன்னாங்க.” நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். ‘தடுப்பூசி ஆபத்தா?’ என்று தலைப்பு. ஆபத்தில்லை என்று ஆறாவது பத்தியில் ஒரு டாக்டர் சொல்கிறார். ஆறாவது பத்தி வரைக்கும் பூக்கூடையோடு யார் நிற்பார்கள்? அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அது சட்டத்தில் மாட்டாமல் பொய் சொல்ல உதவுகிற ஒரு கொக்கி.

ரூபெல்லா கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், பிள்ளை கண்ணில் புரையோடும், காது கேளாமலும், இதயத்தில் ஓட்டையோடும் பிறக்கலாம். அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு போனாங்க. தமிழ்நாட்டில் முகாமின் கடைசித் தேதியையே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

படிக்காதவர்கள் நாடு, அதனால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் இங்கிலாந்தைப் பாருங்கள். 1998-இல் ‘லான்செட்’ இதழில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா சேர்ந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டார். பார்த்தது எத்தனை குழந்தைகளை? பன்னிரண்டு! பத்திரிகைகள் அதை ஊதின ஊதலில், 92 விழுக்காடு இருந்த தடுப்பூசி சில வருஷத்தில் 80-க்கு இறங்கியது. அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-இல். பன்னிரண்டு குழந்தைகள், பன்னிரண்டு வருஷம்.

நிருபரை மட்டும் திட்ட மாட்டேன். மாவட்ட நிருபர் ஒரே ஆள். காலையில் கோர்ட், மதியம் கொலை, சாயங்காலம் ஆஸ்பத்திரி. அவருக்கு யார் மருத்துவம் சொல்லித் தந்தார்கள்? இங்கிருந்து கோரிமேடு ஜிப்மர் கூப்பிடு தூரம். ஒரு டாக்டரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு எழுத நேரம் கொடுங்கள் என்று முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.

விளம்பரத்துக்கு மட்டும் இடம் தாராளம்! சர்க்கரை நோயைக் குணமாக்குவேன், புற்றுநோயைப் போக்குவேன் என்று விளம்பரம் செய்யவே கூடாதென்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் பதஞ்சலி வழக்கில் அந்த நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் என்ன கேட்டது தெரியுமா? உங்கள் விளம்பரம் எவ்வளவு பெரிதாக வருமோ, மன்னிப்பும் அவ்வளவு பெரிதா என்று கேட்டது. பிறகு பெரிதாக வந்தது. (பலத்த கைதட்டல்)

நான் கேட்பதும் அதேதான் நடுவர் அவர்களே. முதல் பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்பில் பயமுறுத்துகிறீர்கள். தவறு என்று தெரிந்ததும் ஒன்பதாம் பக்கத்தில், மணமகன் தேவைக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில், புளியங்கொட்டை அளவுக்கு ‘திருத்தம்’ போடுகிறீர்கள். பயந்த அம்மா கண்ணில் அது படுமா? தலைப்பு எந்தப் பக்கத்தில் எந்த எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில் அதே எழுத்தில் வரட்டும். அந்த ஒரு விதியை வைத்துப் பாருங்கள், அச்சுக்குப் போகும் முன்னாலேயே எத்தனை பேர் டாக்டருக்குப் போன் போடுகிறார்கள் என்று! அது வருகிற வரைக்கும் ‘அச்சமே’ என்ற எங்கள் அணிக்குத்தான் நீங்கள் தீர்ப்புத் தர வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், மாமியார் காத்திருப்பார்கள்.