மரக்கலத்தில் கரையோர உலா



புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையிலே தலவில என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச்சு, ஆகஸ்ட் மாதங்களில் மக்கள் திரள்திரளாக வருவர். புயலில் சிக்கிக் கரைசேர்ந்த கடலோடிகளின் நேர்த்தியாலேயே இவ்வாலயம் தோன்றிற்று என்பது ஒரு மரபு. கடலுக்கு அஞ்சியவரும் கடலால் வாழ்ந்தவரும் கூடும் இவ்விடத்தில், மரக்கலத்தைப் பற்றி எண்ணுதல் பொருத்தமே.

இன்று பல நாடுகளில் பழைய மரக்கலங்களில் ஏறிக் கரையோரமாகச் சில நாள் உலாவி வருவதை மக்கள் விரும்புகின்றனர். துருக்கியின் போட்ரம் பட்டினத்தில், முன்னர் மீனும் கடற்பஞ்சும் ஏற்றிய பாய்க்கலங்கள் இப்போது விருந்தினரைச் சுமக்கின்றன. கேரளத்தில், ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்து அமைத்த கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் நெல் ஏற்றின. 1990-களில் அவை மிதக்கும் வீடுகளாயின.

நம் நாட்டுக்கும் இத்தகைய செல்வம் உண்டு. ஒல்லாந்தர் காலக் கால்வாய்கள் வழியே, கூரை வேய்ந்த தட்டை வள்ளங்கள் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கு ஏற்றிச் சென்றன. புகைவண்டியும் மோட்டார் வண்டியும் வந்தபின் அவை அருகிப்போயின. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலோ, வேறு பெயர் பூண்டு, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனைக் கட்டிய கைகள் பொறியியற் கல்லூரியில் பயின்றவை அல்ல.

தலவிலவுக்கு வடக்கே கற்பிட்டி இருக்கிறது. ஒரு புறம் புத்தளக் களப்பு. மறு புறம் பெருங்கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெளிக்கடல் கொந்தளிக்கும். களப்போ பெரும்பாலும் அடங்கியிருக்கும். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை கடல் தணிந்திருக்க, ஓங்கில்களைக் காண விருந்தினர் வருகின்றனர். அவர்களை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளே.

மரக்கலம் மீண்டும் மிதக்க வேண்டுமாயின் மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, காற்றின் குறி அறிந்த மீனவரே சுக்கான் பிடித்தல் வேண்டும். அவர்தம் கரையை இழந்து கூலியாளாக நிற்றல் ஆகாது. இரண்டாவது, பயணி ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி வேண்டும்; பழைமையின் பெயரால் உயிரைப் பணயம் வைத்தல் தகாது. மூன்றாவது, 1992-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட கற்பிட்டிப் பவளப் பாறைத்திடலில் நங்கூரம் வீழ்தல் ஆகாது. 1998-இல் கடல்நீர் வெம்மையால் வெளிறிய பவளம் மீள்வதற்குப் பல்லாண்டு தேவை. அதனை உடைப்பதற்கோ ஒரு நொடி போதும்.

வள்ளம் கட்டும் தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டால், அவன் மகனுக்கு அதனை எந்த நூலும் கற்பிக்காது. விருந்தினர் தரும் பணம் அவ்வுளிக்கு மீண்டும் வேலை தருமாயின், உல்லாசப் பயணமும் ஓர் அறமாகும். தச்சனையும் மீனவனையும் விலக்கிவிட்டு மரக்கலத்தின் அழகை மட்டும் விற்போமாயின், எஞ்சுவது வெறும் மரமே.