மனநோயை இனங்காண்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்கள் யாவரும் ஒரே நோயினர் அல்லர். ஆயினும் 'பைத்தியம்' என்ற ஒரே பெயரைச் சூட்டி, ஒரே விதமான சங்கிலியைப் பூட்டி வைத்திருந்தார்கள். நோய்களைப் பிரித்தறியாமல் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எத்தகைய ஆபத்தில் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மனநோயைப் பிரித்தறிதல் நமக்குப் புதிதன்று. பிக்ஹு நூல்கள் இடைவிடாத ஜுனூன் என்றும், விட்டு விட்டு வரும் ஜுனூன் என்றும், அறிவு மந்தமான மஃதூஹ் என்றும் வேறுபடுத்தியே சட்டம் கூறுகின்றன. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து, கி.பி. 934இல் மறைந்த பல்கு நாட்டு அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் கோபம், துக்கம், அச்சம், வஸ்வாஸ் என உள்ளத்தின் துன்பங்களைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துக்கம் வேறு என்றும், பின்னதற்கு உடலிலும் வேர் உண்டு என்றும் விளக்கினார்கள்.

இன்று இப்பணியை இரு பெரும் நூல்கள் செய்கின்றன. ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. எனும் நோய்ப் பட்டியல். 1948இல் உருவான இதன் ஆறாம் பதிப்பிலிருந்து மனநோய்களுக்கும் இடமுண்டு. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மற்றொன்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் முதன்முதலாக வெளியிட்ட டி.எஸ்.எம். எனும் கையேடு. இதன் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது.

நீரிழிவைப் போல் இரத்தத்தைச் சோதித்து இன்ன மனநோய் என்று கூறிவிட இயலாது. அடையாளங்கள் எவை, எத்தனை நாட்களாக உள்ளன, தொழிலையும் குடும்பத்தையும் எவ்வளவு பாதித்துள்ளன என்று மருத்துவர் பொறுமையாக விசாரிப்பார். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, வலிப்பு, போதைப்பொருள் இவற்றால் வந்ததா என்றும் ஆராய்வார். இரத்தப் பரிசோதனை இதற்காகவே எழுதித் தரப்படுகிறது.

சோர்வு யாவர்க்கும் வரும். ஆனால் மனச்சோர்வு நோய் என்று கூற அமெரிக்கக் கையேடு அளவுகோல் வைத்திருக்கிறது. உறக்கக் கேடு, பசி மாற்றம், களைப்பு, குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் முதலாகக் கூறப்படும் ஒன்பது அடையாளங்களுள் ஐந்தேனும் இரண்டு வார காலம் பெரும்பாலும் நாள்தோறும் இருத்தல் வேண்டும். வாட்டமான மனநிலை, எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்று அவற்றுள் கட்டாயம் இருக்கவேண்டும். அன்பர்களே, இதனை ஈமானின் பலவீனம் என்று ஏசுவது முறையாகுமா?

ஹவ்ளில் அமர்ந்து, கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவி, ஜமாஅத் தொழுகையையே தவறவிடுவோர் உண்டு. ஐயம் எவருக்கும் எழும். ஆனால் இத்தகைய எண்ணமும் செயலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் விழுங்கினாலோ, வாழ்க்கையை முடக்கினாலோ, மருத்துவர் அதனை எண்ணச் சுழற்சி நோய் என்று கருதி ஆராய்வார். பேணுதல் என்று அவரைப் புகழ்வதும் தவறு. கேலி செய்வதும் தவறு.

மையித்து வீட்டின் துயரம் இயல்பானது, அது நோயன்று. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவரவர் சமூகமும் சமயமும் இயல்பெனக் கருதும் எல்லையைக் கடந்தும் துயரம் ஒருவரை முடக்கி வைத்திருந்தால் மட்டுமே ஐ.சி.டி. அதனை நோயாகக் கணக்கிடுகிறது.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதனையொட்டியே அமைந்தது. ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோலின்படியே மனநோய் தீர்மானிக்கப்படவேண்டும். ஊர் வழக்கத்திற்கு ஒத்துவரவில்லை என்பதற்காக எவரையும் மனநோயாளி எனக் கூறலாகாது. எவரையும் சங்கிலியிடலாகாது என்கிறது அச்சட்டம். முன்பொரு காலத்தில் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் கொண்டு இன்றும் நோயாளி என்று முடிவுகட்டலாகாது என்றும் கூறுகிறது. நிகாஹ் பேச வருவோர் நம்மிடம் விசாரிக்கையில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். குணமடைந்த பெண்ணின் வாழ்வு நம் ஒரு சொல்லால் கெட்டுவிடக்கூடாது.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. துஆ நமது ஆயுதம். மருந்து செய்துகொள்வதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த வழியே. ஜின் என்றும் செய்வினை என்றும் நாமாகப் பெயரிட்டு மாதங்களை வீணாக்காமல், தொடக்கத்திலேயே மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். வெளியில் சொல்லத் தயங்குவோர் என்னிடம் வாருங்கள். இரகசியம் காத்து, மருத்துவரிடம் உடன் வருவேன்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களுக்கும் உடல்களுக்கும் ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.