முன்பாரம், பின்பாரம்



மேட்டூர் அணையில் மீன் பிடிப்பவர் வேலை முடிந்ததும் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு கரையேறிவிடுவார். டிரெய்லரும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். பின்னால் மோட்டார் மாட்டிய ஃபைபர் படகு அப்படி நகராது. அதைச் சாலையில் இழுத்துப் போவது பற்றித்தான் இன்றைய பேச்சு.

'கடலே இல்லாத சேலம், நாமக்கல்லில் இது எதற்கு?' என்று கேட்பீர்கள். 2018 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கே கொண்டுபோய் ஆட்களை மீட்டார்கள். அதே மாதம் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. இப்படியொரு நேரத்தில் படகு நமக்கும் வேண்டும்; ஆனால் லாரியில் படகை ஏற்றி இறக்க ஒரு கூட்டமே வேண்டும். டிரெய்லரில் இருந்தால் இரண்டு பேர் போதும்.

படகு டிரெய்லர் என்றதும் மலைக்க வேண்டாம். அது நம் மாட்டுவண்டிதான். நடுவே ஒரு அச்சு, இரண்டு சக்கரம், முன்னால் ஏர்க்கால். வண்டி கட்டிய நம் பெரியவர்கள் மாட்டைப் பூட்டுமுன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகும். கொஞ்சம் முன்பாரம் இருப்பதுதான் சரி. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் டிரெய்லருக்கும் கணக்கு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். படகும் மோட்டாரும் டிரெய்லருமாக 500 கிலோ என்றால், கொக்கியில் ஒரு சிமெண்ட் மூட்டை எடை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மோட்டார் படகின் வாலில் தொங்குகிறது. 40 குதிரைத்திறன் மோட்டார் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். பெட்ரோல் டேங்கும் பின்னால்தான். மழைத்தண்ணீர் தேங்கினால் அதுவும் பின்னால்தான் ஓடும். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. ஆகவே புறப்படுமுன் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். ஆற்றில் இறக்குமுன் மறக்காமல் மாட்டுங்கள். மறந்தவர்கள் கதை நிறைய உண்டு.

பின்பாரத்தோடு சேலம் - நாமக்கல் நான்குவழிச் சாலையில் போனால் என்ன ஆகும்? ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும்போது அதன் காற்று இழுக்கும். டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் பெருகினால் இழுக்கும் ஜீப்பையும் சேர்த்தே சுழற்றும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகம் கூட்டித் தப்பிக்கவும் பார்க்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். பிறகு ஓரமாக நிறுத்திப் பாரத்தைச் சரிசெய்யுங்கள்.

நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று வேகத்தடைகள். மோட்டாரைக் கீழே இறக்கி வைத்தால் அதன் அடிப்பகுதி தரையில் மோதும். முழுக்கத் தூக்கிக் கொண்டியில் மட்டும் நிறுத்தினால், ஒவ்வொரு குலுக்கலும் படகின் பின்பலகையைத்தான் பிய்க்கும். தூக்கிய மோட்டாருக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவே ஒரு முட்டு கொடுத்துக் கட்டுவதே முறை. சின்ன மோட்டார் என்றால் கழற்றி ஜீப்பில் ஏற்றிவிடுங்கள் என்பேன். முன்பாரமும் சரியாகும், மோட்டாரும் பிழைக்கும்.

படகின் மூக்கை மட்டும் கட்டினால் போதாது. பின்பக்கத்தையும் சட்டத்தோடு பெல்ட் போட்டு இறுக்குங்கள். கொக்கி கழன்றால் தாங்க, அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்தக் கொக்கியின் பூட்டு ஊசி அப்படி. பின்விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள்.

வண்டி மை சமாசாரம் ஒன்று பாக்கி. நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கும். அதை அப்படியே ஆற்றில் இறக்கினால், குளிர்ந்து சுருங்கும் ஹப் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, சில மாதத்தில் பேரிங் போய்விடும். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆறவிட்டு இறக்குங்கள்.

லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் வாங்கிய நாமக்கல் பட்டறைகளுக்கு இப்படியொரு டிரெய்லர் செய்வது பெரிய வேலையில்லை. ஆனால் செய்து நிறுத்திய டிரெய்லர் ஆண்டு முழுக்க வெயிலில் கிடந்தால் டயர் வெடித்துப்போகும். மேட்டூர் அணை நிரம்பி, தண்ணீர் 120 அடியைத் தொட்ட பிறகு டயரைத் தேடி ஓட முடியாது. படகு வைத்திருப்பவர்கள், ஆடி பிறக்குமுன் ஒரு நாள் தார்ப்பாயை விலக்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.