வாக்குச்சாவடியின் உள்ளே



அரசியல் என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் எழுவது யாது? மேடையும் கொடியும் ஒலிபெருக்கியும் மாலையும் வரிசையாகச் செல்லும் கார்களும்தாம். அந்த அரசியலைத் தெருவோரத்தில் நின்று பார்த்திருக்கிறேனேயன்றி நான் அதனுள் புகுந்தவன் அல்லேன். ஆனால் அதே அரசியலை வேறோர் இடத்திலிருந்து முப்பது ஆண்டுக் காலம் மிக அருகில் கண்டிருக்கிறேன். அந்த இடம் உங்கள் வகுப்பறை. தேர்தல் நாளன்று உங்களுக்கு விடுமுறை விட்டு, பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, வாயிற்புறத்தில் சாவடியின் எண்ணை ஒட்டி வைக்கிறார்களே, அந்த அறையைத்தான் சொல்கிறேன்.

நம் நாட்டில் தேர்தலை நடத்துவதற்கென்று தனியான பெரும்படை ஒன்றும் கிடையாது. தேர்தல் ஆணையம் சிறிது. அது ஆணையிட, வேலையைச் செய்பவர்கள் ஆசிரியர்களும் மற்ற அரசு ஊழியர்களுமே. ஒரு சாவடிக்கு ஒரு தலைமை அலுவலர். அவருக்குத் துணையாக வாக்குப்பதிவு அலுவலர் மூவர். 1989-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக அந்தப் பணிக்குச் சென்றேன். 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல் எனக்குக் கடைசி.

அந்தப் பணியின் பரபரப்பு முதல் நாளே தொடங்கிவிடும். எந்த ஊர்ச் சாவடிக்குப் போகப் போகிறோம் என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரியும். ஒரு பெரிய கல்யாண மண்டபத்திலோ கல்லூரித் திடலிலோ நூற்றுக்கணக்கானவர்கள் கூடியிருப்பார்கள். ஒவ்வொருவர் பெயராக அழைத்துப் பொருள்களைக் கொடுப்பார்கள். வாக்காளர் பட்டியல், பதிவேடு, அழியா மை, முத்திரை மை, அரக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நூல், குண்டூசி, காகித முத்திரைகள், பல வண்ண உறைகள், மறைப்புக்கு அட்டை; இவற்றையெல்லாம் தரையில் பரப்பி வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு கல்யாணச் சீர்வரிசை போல இருக்கும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் அந்த ஊரில் வாங்க முடியாது. பிறகு லாரியிலோ பேருந்திலோ ஏற்றிவிடுவார்கள். சாவடிகள்தோறும் நின்று நின்று நம் ஊரை அடையும்போது விளக்கு வைத்திருக்கும்.

இரவு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தங்க வேண்டும். ஆண்கள் ஒருவாறு சமாளித்துக்கொள்வோம். உடன் வந்த ஆசிரியைகள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. தண்ணீர் இல்லாத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையை நம்பி ஓர் இரவும் ஒரு பகலும் கழிக்க நேர்ந்தவர்கள் அவர்கள். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர்களும் உண்டு. தேர்தல் முடிந்ததும் வென்றவரைப் பற்றியும் தோற்றவரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்தப் பெண்மணிகளைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. இனியேனும் எழுதட்டும்.

வாக்குப்பதிவு முறைகள் மாறி வந்த வரலாறு சுவையானது. விடுதலைக்குப்பின் முதற் பொதுத்தேர்தல் 1951-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். ஆதலின் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். வாக்குச்சீட்டில் எந்தக் குறியும் இட வேண்டுவதில்லை. விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். இது எளிய முறைதான். ஆனால் மறைவான இடத்தில் பெட்டியில் போடாமல் சீட்டை மடியில் செருகிக்கொண்டு வெளியேறிவிட்டால் யாருக்குத் தெரியும்? 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், எல்லாப் பெயர்களும் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டு, முத்திரை குத்தும் முறை நாடெங்கும் பரவலாக வந்தது.

அந்த முதல் தேர்தலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். வட மாநிலங்களில் பல பெண்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வாறு எழுதப்பட்ட பெயர்களை ஏற்க இயலாது என்று அவர் முடிவு செய்தார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கொடுமை என்று அன்றைக்குப் பலர் கருதியிருக்கலாம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. பெயர் இல்லாதவர் எப்படி வாக்காளர் ஆவார்? அடுத்த தேர்தலுக்குள் அவர்களுள் பலர் பெயரோடு வந்து சேர்ந்தார்கள்.

நம் பக்கத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. கணவன் பெயரைச் சொல்லமாட்டார்கள். 1989-இல் என் சாவடிக்கு ஒரு மூதாட்டி வந்தார். பட்டியலில் அவர் பெயரிலேயே நால்வர் இருந்தார்கள். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று எங்கள் அலுவலர் கேட்டார். "சாமி பேருதானுங்க" என்றார் அவர். "எந்தச் சாமி?" "பழனியிலே கோமணத்தோட நிக்குமே, அந்தச் சாமிங்க." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மையாரும் சிரித்தார். பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அக்காலத்தில் வாக்குச்சீட்டை மடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நெடுக்காக மடித்து, அதன்பின் குறுக்காக மடிக்க வேண்டும். மாற்றி மடித்தால் ஈரம் காயாத மை வேறொரு சின்னத்தின்மேல் படிந்துவிடும். இதற்காகவே முத்திரையின் குறியைக் கைகள் ஒரு பக்கமாக வளைந்திருக்கும்படி அமைத்தார்கள். மை படிந்து விழுந்த குறியில் அந்தக் கைகள் எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். எது குத்திய முத்திரை, எது படிந்த முத்திரை என்று எண்ணுபவர் கண்டுகொள்ளலாம். ஒரு ரப்பர் முத்திரைக்குள் எவ்வளவு யோசனை இருந்திருக்கிறது பாருங்கள்! தொழில்நுட்பம் என்றால் மின்சாரம் இருக்க வேண்டும் என்பதில்லை.

காகிதத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1996-ஆம் ஆண்டு மொடக்குறிச்சித் தொகுதி காட்டியது. விவசாயிகள் தங்கள் குறைகளை எவரும் செவிமடுக்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். அங்கே போட்டியிட்டவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. எனக்கு அந்தத் தொகுதியில் பணி கிடைக்கவில்லை என்பதில் இன்றும் மகிழ்ச்சிதான். அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மின்னணு இயந்திரமோ அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1982-ஆம் ஆண்டு கேரளத்தில் பரவூர்த் தொகுதியின் 50 சாவடிகளில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தால் வாக்களிக்க வைத்தது செல்லாது என்று 1984-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அந்தச் சாவடிகளில் மறுபடியும் காகிதச் சீட்டால் வாக்குப்பதிவு நடந்தது. 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்பது போதாது, அதற்குச் சட்டத்தின் இசைவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். 2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும், 2004-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரமே வந்துவிட்டது.

அந்த இயந்திரம் இரண்டு பகுதிகளை உடையது. வாக்காளர் பொத்தானை அழுத்தும் பகுதி மறைவிடத்தில் இருக்கும். கட்டுப்படுத்தும் பகுதி அலுவலர் மேசைமேல் இருக்கும். அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ஒரு வாக்குக்கு வழி திறக்கும். அந்த வாக்குப் பதிவானதும் ஓர் ஒலி எழும்பி வழி அடைபடும். மின்கலத்தால் இயங்குவதால் மின்சாரம் இல்லாத ஊரிலும் வேலை செய்யும். பின்னர் மூன்றாவதாக ஒரு கருவியைச் சேர்த்தார்கள், விவிபாட் என்பார்கள். நாம் அழுத்திய சின்னம் ஒரு சிறு தாளில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நின்று, பெட்டிக்குள் விழும். 2013-இல் நாகாலாந்தில் நடந்த ஓர் இடைத்தேர்தலில் அது முதலில் வந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் இருந்தது.

இயந்திரத்தைப் பற்றிய ஐயங்கள் உங்கள் கைப்பேசிகளில் நாள்தோறும் வருகின்றன என்பதை அறிவேன். ஐயப்படுவது குற்றமன்று, தேர்தல் விதிகளே ஐயத்தின்மேல்தான் எழுப்பப்பட்டுள்ளன. 2019-இல் என் சாவடிக்கு ஒரு கட்சியின் முகவராக வந்திருந்த இளைஞர், "சார், எதை அழுத்தினாலும் ஒரே சின்னத்திற்குப் போகும் என்கிறார்களே?" என்று நேராகவே கேட்டார். "அதைப் பார்க்கத்தான் தம்பி, உன்னை விடியற்காலையில் வரச் சொன்னார்கள்" என்றேன். வாக்குப்பதிவுக்கு முன்னால் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளை மாதிரியாகப் பதிய வேண்டும் என்பது விதி. அவரையே அழுத்தச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவரே தாளில் குறித்துக்கொண்டார். இயந்திரம் சொன்ன கணக்கும், பெட்டியிலிருந்து எடுத்து எண்ணிய தாள்களும், அவர் குறிப்பும் ஒத்திருந்தன. பிறகு அந்தக் கணக்கை அழித்து, பெட்டி காலி என்பதைக் காட்டி, முத்திரையிட்டோம். அவர் கையெழுத்திட்டார். அதன்பின்னும் மாலை வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்து வாக்குகளை எண்ணிக்கொண்டே இருந்தார். அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். முதற் பராந்தகச் சோழன் காலத்து அந்தக் குடவோலை முறையில் நிலமுள்ள அந்தணர் மட்டுமே இடம் பெற முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அதில் ஒரு விதி என்னைக் கவர்ந்தது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்குபவன் ஐந்து விரலும் விரிய, திறந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கவில்லை என்பதற்காக அது விதிக்கப்பட்டிருக்கலாம். காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்த உள்ளங்கை நினைவுக்கு வரும்.

எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 1991-ஆம் ஆண்டுத் தேர்தல். வாக்காளர்க்குப் புகைப்பட அட்டை வராத காலம். பிற்பகலில் ஒருவர் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரவெல்லாம் பேருந்தில் நின்றுகொண்டு வந்திருந்தார். பட்டியலைப் பார்த்தால் அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு இழுக்கப்பட்டிருந்தது. வேறொருவன் வந்து அவர் பெயரைச் சொல்லி வாக்களித்துப் போய்விட்டான். முகவர் நால்வரும் அந்த ஊர்க்காரர்கள். வந்தவன் யார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இரண்டு ரூபாய் கட்டினால் முகவர் ஆட்சேபிக்கலாம் என்பது விதி. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இத்தகையவர்க்குச் சட்டம் ஒரு தனிச் சீட்டுக் கொடுக்கச் சொல்கிறது. டெண்டர் ஓட்டு என்று நாங்கள் சொல்வோம். அவர் தாமே இன்னார் என்பதைக் கேள்விகள் கேட்டு உறுதி செய்துகொண்டு, சீட்டின் பின்புறம் விதிப்படி என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் முத்திரை குத்திக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அதைப் பெட்டியில் போடக் கூடாது. தனி உறையில் வைக்க வேண்டும். "இதை எண்ணுவாங்களா, ஐயா?" என்று கேட்டார். வழக்கு மன்றத்துக்குப் போனாலன்றி அதை எண்ணுவதில்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் சற்று நேரம் அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எழுதி வச்சுக்கிட்டீங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு மை வைத்த விரலோடு வெளியே போனார். அந்த நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகைப்பட அட்டை வந்தபின் இத்தகைய தீங்கு மிகவும் குறைந்தது. ஆயினும் அடையாளம் தெரிந்தவர்கள் பேசாதிருந்தால் எந்த இயந்திரத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது.

மாலையில் நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு எண்ணிட்ட சீட்டுக் கொடுப்போம். அதை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டே போனால் அதற்குள் வாலில் பத்துப் பேர் புதிதாகச் சேர்ந்துவிடுவார்கள். அதன்பின் முத்திரையிடுதல், கணக்கெழுதுதல், ஒவ்வொரு முகவருக்கும் கணக்கின் பிரதி, வண்டிக்காகக் காத்திருத்தல், நள்ளிரவில் பொருள்களை ஒப்படைத்தல் எல்லாம் உண்டு. அவற்றை விரித்துரைத்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நாங்கள் பலமுறை தூங்கியிருக்கிறோம்.

உங்களுள் 17 வயது நிறைந்தவர்கள் இப்போதே 6-ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்து வைக்கலாம். முன்பெல்லாம் ஜனவரி 1-ஆம் தேதியில் 18 நிறைந்திருக்க வேண்டும். தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கில் கொள்ளப்படுகிறது. பெயர் சேர்ந்தபின் பட்டியலை வாங்கி ஒருமுறை பாருங்கள். உங்கள் தெருவில் இறந்தவர் பெயர் இருக்கிறதா, இருப்பவர் பெயர் விடுபட்டிருக்கிறதா என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.