பசுமைப் பட்டாசுல பச்சை எங்க?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான். கையில பட்டாசுப் பெட்டி, அதுமேல பச்சை முத்திரை, பக்கத்துல க்யூஆர் கோடு. "மாமா, பசுமைப் பட்டாசுன்னா பச்சையா வெடிக்குமா?"

சிரிச்சிட்டேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, நல்ல கேள்வி. பட்டாசுல பச்சை ஒளி வர்றதுக்கு வழக்கமா சேர்க்கிறது பேரியம் நைட்ரேட். அந்த பேரியம் உப்புகளுக்குத்தான் 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பசுமைப் பட்டாசுலயாவது அனுமதிங்கன்னு உற்பத்தியாளர்கள் கேட்டாங்க. 2023 செப்டம்பர்ல அதுவும் கிடையாதுன்னு சொல்லிடுச்சு. ஆக, பேருல பசுமை வந்துச்சு, உள்ள இருந்த பச்சை போயிடுச்சு!

அதனால இன்னைக்கு எபிசோடு இந்தச் சொல்லைப் பத்தி.

பள்ளிக்கூடத்துல புணர்ச்சி விதி படிச்சது ஞாபகம் இருக்கா? 'பசுமை'யில 'மை' போனா 'பசு' மிஞ்சும். அது அடுத்து வர்ற சொல்லுக்கு ஏத்தபடி உருமாறும். தளிர் வந்தா பசுந்தளிர். இலை வந்தா பச்சிலை. தமிழ் வந்தா பைந்தமிழ். ஒரே ஃபங்ஷன், இன்புட்டைப் பொறுத்து வேற வேற அவுட்புட். இதுல ஒரு பக் மாதிரி ஒண்ணு இருக்கு. பசும்பால்ல வர்ற பசு இது இல்ல, அது மாடு. சமஸ்கிருதத்துல இருந்து வந்த வேற சொல். ஆனா பசும்பொன்ல வர்றது நம்ம பசுதான்.

பொன் மஞ்சள்தானேன்னு கேட்பீங்க. பழைய தமிழ்ல இந்தச் சொல்லுக்கு நிறம் அவ்வளவு கறாரா கிடையாது. பிரிவுல வாடுற பெண்ணோட உடம்பு வெளிறிப் போறதுக்குப் பேரு பசலை, பசப்பு. திருக்குறள்ல 'பசப்புறு பருவரல்'னு ஒரு அதிகாரமே இருக்கு.

இப்ப வீட்டுல பேசுறதைப் பாருங்க. பச்சரிசி வெள்ளையா இருக்கும். பச்சைத் தண்ணிக்கு நிறமே கிடையாது. பச்சைப் புண் சிவப்பு. பிள்ளை பெத்த பொண்ணைப் 'பச்ச உடம்புக்காரி'ம்பாங்க. இங்கெல்லாம் பச்சைன்னா வேகாதது, காயாதது, ஆறாதது. பச்சைப் பொய்ன்னா மூடி மறைக்காத பொய். ஒரு பொருள் இப்ப இருக்கிற நிலைமையை அப்படியே சொல்ற சொல் இது.

சுற்றுச்சூழல் அர்த்தம் இங்கிலீஷ் 'கிரீன்' வழியா வந்தது. அதுவும் நேரா வரலை. 1968ல அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் 'கிரீன் ரெவல்யூஷன்'னு பேரு வச்சார். நாம அதைப் பசுமைப் புரட்சின்னு எடுத்துக்கிட்டோம். அதுல இருந்தது புது விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து. மூணு வருஷம் கழிச்சு, 1971ல கிரீன்பீஸ் ஆரம்பிச்சாங்க. 1980ல ஜெர்மனியில பசுமைக் கட்சி வந்துச்சு. ஒரே முன்னொட்டு உரத்துக்கும் ஒட்டிக்கிச்சு, உரம் வேணாம்னு சொன்னவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.

இப்போ பட்டாசுக்கும் ஒட்டியிருக்கு. நாக்பூர்ல இருக்கிற நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கின ஃபார்முலா இது. பழைய பட்டாசைவிடப் புகையில வர்ற நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறைவு. நல்ல விஷயம். ஆனா மீதி 70 சதவீதம் காத்துலதான் இருக்கு. பச்சரிசின்னா அது பச்சரிசி, அவ்வளவுதான். பசுமைப் பட்டாசுன்னா 'எதைவிடப் பசுமை?'ன்னு ஒரு கேள்வி கேட்கணும்.

அதோட, அந்த முத்திரை சொல்றது வெடிச்ச பிறகு வர்ற புகையைப் பத்தி மட்டும்தான். எங்க சித்தி திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில திரி வைக்கிற வேலை பார்க்கிறாங்க. "புதுசுல ஆபத்து கம்மியா சித்தி?"ன்னு கேட்டேன். "புகை கொறைஞ்சிருக்குங்கிறாங்க, நல்லதுதான். ஆனா மருந்து மருந்துதான்ப்பா. உரசுனா பிடிச்சிக்கிடும்"ன்னாங்க.

எங்க ஊர்ல வெடிக் கலவைக்குப் பேரு மருந்து. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். ஒரே விபத்துல 20 பேருக்கு மேல செத்தாங்க. பசுமைங்கிற சொல் சந்தைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. புகையை அளந்து முத்திரை குத்த முடிஞ்ச நமக்கு, மருந்து கலக்குறவங்க பத்திரத்தை அளந்து ஒரு முத்திரை குத்தத் தோணலை.

பட்டாசு வாங்காதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். எங்க ஊரே அதுலதான் சாப்பிடுது. வாங்கும்போது பெட்டியில அந்த முன்னொட்டைப் பார்த்ததும், அது என்ன சொல்லுது, எதைச் சொல்லலைன்னு ரெண்டையும் யோசிங்க.

உங்க வீட்டுல 'பச்சை'ன்னு ஆரம்பிக்கிற, நான் விட்ட சொல் எதாவது இருந்தா அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.